கீழ்வயல்காரர் வடிகாலை அடைத்துவிட்டார், என்ன செய்யலாம்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம், 2 ஏக்கர் சம்பா. மழைத்தண்ணி தெற்கு வயல் வழியாத்தான் வடியும். அதை வாங்கினவர் வரப்பை 2 அடி உயர்த்தி மண் அடிச்சுட்டார். பயிர் குருத்து வரைக்கும் மூழ்கி நிக்குது. வரப்பை வெட்டிவிடலாமா? கேஸ் நிக்குமா?

வெண்ணாற்றங்கரை: வெட்டாதீங்க. ஈஸ்மெண்ட் உரிமை (அடுத்தவர் நிலத்தை வழி, வடிகால் மாதிரி பயன்படுத்திக்கிற உரிமை) இருந்தாலும், அடைப்பை நீங்களே அகற்றக் கூடாதுன்னு 1882 ஈஸ்மெண்ட் சட்டம் 36-வது பிரிவு சொல்லுது. வெட்டினா அவர் போலீசுக்குப் போவார், நியாயம் உங்க பக்கம் இருந்தும் குற்றவாளியா நிப்பீங்க.

முதல்ல புலப்படம் (சர்வே எண்ணோட அளவு வரைபடம்) வாங்கிப் பாருங்க. அதுல வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா அது ஆக்கிரமிப்பு. தாசில்தார்கிட்ட மனு போதும். வாய்க்காலே இல்லாம, மேட்டு வயல்ல பெய்த மழை பள்ளத்துக்குத் தானா ஓடுதுன்னா அதே ஈஸ்மெண்ட் சட்டம் 7-வது பிரிவுப்படி அது உங்க இயற்கை உரிமை, இத்தனை வருஷம்னு கணக்கே வேண்டாம். யாரோ வெட்டின கன்னி வாய்க்கால்னா (வயலுக்கு நடுவுல போற சின்ன வாய்க்கால்) 15-வது பிரிவு: 20 வருஷம் தடையில்லாம, வெளிப்படையா, உரிமையா அனுபவிச்சதை நிரூபிக்கணும்.

முன்சீப்கோர்ட்டு: மேடு பள்ளம்தான் இதுல உயிர்நாடி. டெல்டாவுல நாலு விரற்கடை வித்தியாசம்கூட வாதத்துக்கு வரும், கண்மதிப்பு செல்லாது. வக்கீல் நோட்டீஸ் விட்டு, முன்சீப் கோர்ட்டில் வழக்கு போடும்போதே உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9-ல் கமிஷனர் (இடத்தை நேர்ல பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்புறவர்) மனுவும் சேர்த்துப் போடுங்க. சர்வேயரோட வந்து மட்டம் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. தண்ணி நிக்கும்போதே அவர் வரணும். வடிஞ்ச பிறகு வந்தா வெறும் வரப்பைத்தான் பார்ப்பார். பல நல்ல வழக்குகள் இங்கதான் கெடுது.

பரிகாரம்னு பார்த்தா, போட்ட மண்ணை எடுக்க வைக்க, 1963 குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் 39-வது பிரிவில் செயலுறுத்துக் கட்டளை (இதைச் செய்னு கோர்ட் போடுற உத்தரவு). இனிமே அடைக்காம இருக்க அதே சட்டம் 38-வது பிரிவு. மண்ணை எடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு சுலபத்தில் கிடைக்காது. அதனால பயிர் நஷ்டத்தையும் கேளுங்க, வி.ஏ.ஓ. அடங்கல் (பயிர்ப் பதிவேடு), தேதியோட போட்டோ, உரம் நாற்றுச் செலவு ரசீது எல்லாம் வேணும்.

கேள்வி கேட்டவர்: வரப்பு போட்டு ஒரு வருஷம் ஆச்சே, காலம் கடந்துடுமா?

முன்சீப்கோர்ட்டு: தொடர் தொல்லை. தண்ணி தேங்குற ஒவ்வொரு நாளும் காலக்கெடு புதுசா ஆரம்பிக்கும், 1963 காலவரம்புச் சட்டம் 22-வது பிரிவு. ஆனா சும்மா இருந்தீங்கன்னா இடைக்காலத் தடை கேக்கறப்போ அதுவே எதிரா நிக்கும்.

வெண்ணாற்றங்கரை: இன்னொண்ணு. 7-வது பிரிவு தானா வடியற தண்ணிக்குத்தான். போர்வெல் தண்ணியையோ மீன்குட்டைத் தண்ணியையோ மோட்டார் வெச்சு அவர் பக்கம் இறைச்சா, அப்போ தொல்லை கொடுக்கறவர் நீங்கதான்.