ரங்கூன் பெட்டியில் விரிசல், ஏசிதான் காரணமா?

மாயவரத்தான்:
கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. மேலே கறுப்பும் சிவப்புமாக அரக்குப் பூச்சு, உள்ளே வெறும் மரம். எனக்குத் தெரிந்து எப்போதும் கூடத்தில்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று போன சித்திரையில் படுக்கையறைக்கு மாற்றினேன், அங்கே ராத்திரி முழுக்க ஏசி ஓடும், காலையில் அணைத்துவிடுவோம். இப்போது மூடியில் நீளவாக்கில் முடி போல இரண்டு விரிசல், ஒரு மூலையில் பூச்சு தூக்கிக்கொண்டு நிற்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். ஆசாரி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் புதுசாக பாலிஷ் அடிக்கலாம் என்கிறார். அப்பாயி வெற்றிலை வைத்திருந்த பெட்டி, கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

குடந்தை மரவேலை:
தம்பி, முதலில் எண்ணெய், ஸ்பிரிட் இரண்டையும் நிறுத்துங்கள். ஏசிக்கு வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர் எல்லாம் அறைக் காற்றிலிருந்து பிழிந்ததுதான், காற்று காய்ந்தால் மரமும் தன் ஈரத்தை விடும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் சுமார் 16 சதவீதம் நீர் நிற்கும், 50க்கு இறங்கினால் சுமார் 9தான். அப்படி இறங்கும்போது மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும், நீளத்தில் அநேகமாக அசையாது, அதனால்தான் விரிசல் நார் ஓடுகிற திசையிலேயே விழுந்திருக்கிறது. வயதான பூச்சுக்கு அதோடு சேர்ந்து இழுபடத் தெம்பு கிடையாது. அதிலும் உள்பக்கம் பூச்சு இல்லை என்கிறீர்கள், அந்தப் பக்கம் சீக்கிரம் காயும், மூடி வளையும். ராத்திரி சுருங்கி, பகலில் ஊறி, தினமும் இதே கூத்து என்றால் எந்த மரம் தாங்கும்?

தஞ்சை வாசகி:
ஆசாரி சொல்வது நம்ம ஊர் அரக்குக்குச் சரி, அது அரக்குப் பூச்சி தருவது, ஸ்பிரிட்டில் கரையும், சூட்டில் இளகும். பர்மாக்காரர்கள் பூசுவது தித்சி என்ற மரத்தின் பால், அது வேறு சமாச்சாரம். வெயிலில் வைத்தால் காயாது, ஈரக்காற்று இருந்தால்தான் இறுகும், அதற்காகவே அங்கே நிலவறையில் வைத்துக் காயவிடுவார்கள். ஜப்பானிலும் இந்த வகைப் பூச்சை ஈரப்பதம் 70, 80 சதவீதம் உள்ள அலமாரியில்தான் இறுக விடுகிறார்கள். அதனால் டெல்டா ஈரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், திடீர் மாற்றம்தான் ஆபத்து. ஜன்னல் வெயில் மட்டும் படவே கூடாது, வெளிச்சத்தில் பூச்சு பளபளப்பு போய் மேல்தோல் நொறுங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மாயவரத்தான்:
பெட்டியைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். ஈரமானி ஒன்று வாங்கி வைத்தேன், காலையில் 78 காட்டியது. ஐப்பசி அடைமழையில் இன்னும் ஏறுமே, பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கலாமா?

குடந்தை மரவேலை:
வேண்டவே வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். 70க்கு மேல் பல நாள் நின்றாலே பூஞ்சணத்துக்கு வாய்ப்பு உண்டு, அதனால் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் பலகை மேல் வைத்து, வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். தூக்கிய மூலையைத் துணியால் துடைக்காதீர்கள், நூல் மாட்டினால் சில்லு பெயர்ந்துவிடும். ஏதாவது உதிர்ந்தால் ஒரு காகிதத்தில் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது, அந்த மூலையைப் படம் எடுத்து அவர்களிடம் கேளுங்கள், அதுவரை ஃபெவிகால் பக்கம் போகாதீர்கள்.