எல்லாவற்றையும் ஈர்ப்பு உள்ளிழுத்ததென்றால், கோள்களும் சூரியனும் ஏன் நடுவில் விழுந்து முடியவில்லை?

உப்புவெளி ரீச்சர்:

வணக்கம். திருகோணமலையில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வாயுவும் தூசும் கொண்ட பெருமுகில் ஒன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கியதால் சூரியத் தொகுதி தோன்றியது என்று சென்ற கிழமை விளக்கியபோது, பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “எல்லாம் நடுவை நோக்கி விழுந்ததென்றால் பூமி மட்டும் எப்படி வெளியே நின்றது? சூரியனும் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகியிருக்க வேண்டாமா?” என்று கேட்டாள். அணுக்கரு இணைவு சூரியனை வெளியே தள்ளிப் பிடித்திருக்கிறது என்று பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதிலில் எனக்கே நிறைவு ஏற்படவில்லை. இணைவு தொடங்குவதற்கு முன்பு சூரியனைத் தாங்கி நின்றது எது? சரியான விளக்கத்தை அவளுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

மூதூர் வாசகர்:

முதற் கேள்விக்கான விடையை மாணவர்களின் கையிலேயே கொடுக்கலாம், ரீச்சர். குமிழ்முனைப் பேனாவின் வெற்றுக் குழாயினூடாக இரண்டு முழம் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) செலுத்தி, மேல் நுனியில் தூண்டிலுக்குப் போடும் சிறிய ஈயக்குண்டைக் கட்டுங்கள். குழாயை நிமிர்த்திப் பிடித்துக் குண்டைத் தலைக்கு மேலே சுழற்றியபடி, கீழே தொங்கும் நுனியை மற்றக் கையால் மெல்ல இழுத்தால், குண்டு நடுவை நெருங்க நெருங்க விரைவதையும், தங்கூசி விரலை அறுப்பதுபோல் இறுகுவதையும் உணரலாம். ஆரை அரைவாசியாகும்போது குண்டின் வேகம் இரட்டிக்கிறது. அதைப் பிடித்து வைக்கத் தேவையான விசையோ எட்டு மடங்காகிறது. கோண உந்தம், அதாவது திணிவு, சுற்றும் வேகம், ஆரை மூன்றின் பெருக்கம், மாறாமற் காக்கப்படுவதன் விளைவு இது.

முகிலுக்கு நடந்ததும் இதுவே. ஆரை அரைவாசியானால் ஈர்ப்பு நான்கு மடங்குதான் கூடும், ஆனால் சுழலும் பொருளை உள்ளே இழுக்க எட்டு மடங்கு விசை வேண்டும். ஆகவே தொடக்கத்தில் மிக மெதுவாகச் சுழன்ற முகிலிலும்கூட, ஏதோ ஓர் ஆரையில் ஈர்ப்பின் இழுப்பு போதாமற்போய், பொருள் விழுவதை விட்டுச் சுற்றத் தொடங்கிவிடுகிறது. சுழலச்சின் வழியே மேலிருந்தும் கீழிருந்தும் விழுந்த பொருளுக்கு இந்தத் தடை இல்லாததால், அது நடுத்தளத்தில் மோதிப் படிந்து, முகில் தோசைக்கல் போலத் தட்டையானது. கோள்கள் யாவும் ஏறத்தாழ ஒரே தளத்தில் ஒரே திசையாகச் சூரியனைச் சுற்றுவதற்குக் காரணம் அந்தத் தட்டுத்தான். இவ்வாறான தட்டை இன்று வேறு விண்மீன்களைச் சுற்றியும் காண்கிறோம்: சிலி நாட்டு அற்றக்காமா பாலைவனத்திலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கித் தொகுதி 2014இல் எடுத்த எச்.எல். டோரி என்னும் இளம் விண்மீனின் படத்தில், வளையம் வளையமாகப் பிரிந்த தட்டு தெளிவாகத் தெரிகிறது.

பூமி விழவே இல்லை என்று மாணவிக்குச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு செக்கனிலும் அது சூரியனை நோக்கி சுமார் 3 மில்லிமீற்றர் விழுகிறது. ஆனால் அதே செக்கனில் 30 கிலோமீற்றர், அதாவது திருகோணமலையிலிருந்து குச்சவெளி வரையான நேர்த்தூரம், பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது.

நிலாவெளி:

மேலேயுள்ள பதில் கோள்களுக்குப் பொருந்தும். சூரியனைத் தாங்குவது சுழற்சி அன்று, அமுக்கம். ரீச்சர் எழுப்பிய கேள்விதான் இவ்விடயத்தின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

விழும் பொருள் வெப்பமாகிறது. முகிலின் நடுவில் குவிந்த வாயு தன் நிறையினாலேயே நெருக்குண்டு சூடேறியது, சூடேறிய வாயுவின் அமுக்கம் மேலே கிடந்த படைகளின் நிறையைத் தாங்கியது. அந்த அமுக்கம் திடீரென இல்லாமற்போனால் சூரியன் ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் நடுவில் விழுந்துவிடும். எனவே இணைவு தொடங்குமுன் சூரியனைத் தாங்கியது ஈர்ப்பே உண்டாக்கிய வெப்பம்தான். (பூமியின் உள்வெப்பத்திலும் ஒரு பங்கு இப்படி விழுந்து சேர்ந்த பொருளின் வெப்பமே, மறுபங்கு கதிர்த்தொழிற்பாட்டினால் வருவது. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவர்களுக்கு ஆழத்தில் அது இன்னும் தீரவில்லை என்பது தெரியும்.)

சூடான பொருள் ஒளியாக வெப்பத்தை இழக்கும், இழந்ததை ஈடுசெய்ய மேலும் சுருங்கும், சுருங்கியதால் முன்னிலும் சூடாகும். இந்தச் சுருக்கம் ஒன்றே சூரியனின் ஒளிக்குக் காரணம் என்று 19ஆம் நூற்றாண்டில் பௌதிகவியலாளர்களான கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்சும் கணித்தபோது, அந்த இருப்பு சில பத்து மில்லியன் ஆண்டுகளுக்கே போதும் என்று தெரிந்தது. ஆனால் விண்கற்கள் காட்டும் வயது 4.57 பில்லியன் ஆண்டுகள். நடு வெப்பநிலை போதிய அளவு உயர்ந்ததும் ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகத் தொடங்கின. அந்தச் சக்தி வெளியேறும் ஒளியை அப்படியே ஈடுசெய்ததால் சுருக்கம் நின்றது. அப்படியானால் இணைவு சூரியனைச் சூடாக்கிய அடுப்பு அன்று, அது மேலும் சுருங்கிச் சூடாகாமல் தடுத்த நிறுத்தி. இன்று இணைவு நின்றுபோனால் சூரியன் உடனே குளிர்ந்துவிடாது; மெதுவாகச் சுருங்கி, நடுவில் இன்னும் சூடாகும். இதை முதன்முறை விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

சூரியனின் படைகளையும் இதே நிறைதான் வகுத்தது. நடுவில் வெப்பநிலை சுமார் 15 மில்லியன் கெல்வின். அங்கே ஒரு லீற்றர் வாயு ஏறத்தாழ 150 கிலோகிராம், ஈயத்தைப்போல் பதின்மூன்று மடங்கு. அதற்கு வெளியே, ஆரையின் 70 சதவீதம் வரை சக்தி கதிர்வீசலால் ஊர்கிறது. அதற்கும் மேலே வாயு சோற்றுப்பானை கொதிப்பதுபோல் மேற்காவுகையால் புரள்கிறது. மேற்பரப்பில் தோன்றி, பத்து நிமிடமளவில் மறையும் ஒவ்வொரு கொதிமணியும் சுமார் 1,000 கிலோமீற்றர் அகலம். இலங்கையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

உப்புவெளி ரீச்சர்:

இருவருக்கும் மிக்க நன்றி. “இணைவு வெளியே தள்ளுகிறது” என்று கரும்பலகையில் எழுதியதைத் திருத்திவிடுவேன். இன்னும் ஓர் ஐயம். தங்கூசி காட்டுவதுபோல் நடுவில் வந்தது விரைவாகச் சுழல வேண்டுமென்றால், நடுவிலேயே இருக்கும் சூரியன் ஏன் மத்தியகோட்டில் ஒருமுறை சுழல 25 நாள் எடுக்கிறது?

மூதூர் வாசகர்:

நல்ல கேள்வி. தொகுதியின் திணிவில் 99.8 சதவீதத்துக்கு மேல் சூரியனிடமே இருந்தும், கோண உந்தத்தில் ஒரு சிறு பங்குதான் அதனிடம் உள்ளது, அரைவாசிக்கு மேல் வியாழனின் சுற்றோட்டத்தில் இருக்கிறது. இளம் சூரியன் உண்மையிலேயே விரைவாகச் சுழன்றிருக்க வேண்டும். அதன் காந்தப்புலம் தட்டிலும், பின்னர் சூரியக் காற்றிலும் (சூரியனிலிருந்து வெளியே வீசும் மின்னேற்றத் துணிக்கைகளின் ஓட்டத்திலும்) கோத்து நின்று, நீட்டிய கைபோல அந்தச் சுழற்சியைச் சிறிது சிறிதாக வெளியே ஒப்படைத்துவிட்டது. சூரியக் காற்று இன்றும் அதைத்தான் செய்கிறது.

செய்முறையை வகுப்பறைக்குள் வைக்காமல் மைதானத்தில் வைத்து, பிள்ளைகளை நன்றாக எட்டி நிற்கச் சொல்லுங்கள். ஈயக்குண்டுக்குப் பதிலாக இறப்பர் அடைப்பான் கட்டினால் இன்னும் நல்லது. முடிச்சு நழுவினால் அது நடுவிலிருந்து நேரே வெளியே பாயாது, விடுபட்ட கணத்தில் போய்க்கொண்டிருந்த திசையிலேயே, வட்டத்தின் தொடுகோட்டில், பறக்கும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே அந்த மாணவியிடம் கேட்டுப் பாருங்கள்.