டயோடா, டிஎல்டியா? ஒன்றுதான் வாங்கலாம் என்றால்

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பில புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கிற ஒரு 6 எம்வி லினாக் இயந்திரத்துக்கு, நோயாளியின் தோலில் ஒட்டி டோஸ் (உடலில் சேரும் கதிர் அளவு) பார்க்கிற கருவி ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கென்றால் டயோட்தான் (வயரோடு வரும் குறைகடத்தி உணரி) என் தெரிவு. கதிர் விழும்போதே வாசிப்பு வரும். எதிர்பார்த்த டோஸிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, தூரம் சரியா, வெட்ஜ் (கதிரைச் சாய்வாக்கும் ஆப்பு வடிவ வடிகட்டி) போட்டதா என்று பார்க்கலாம். டிஎல்டி என்பது கதிரைப் பதிந்துவைத்து, பிறகு சூடாக்கி வாசிக்கிற சிறு சில்லு; அதை வாசித்து முடிக்கும்போது நோயாளி வாகரைக்குப் பஸ் ஏறியிருப்பார்.

மருதமுனையான்:
அண்ணன், அந்த 5 சதவீதத்தில் எவ்வளவு டயோடின் சொந்தப் பிழை? ஏசி அறையில் 22 பாகையில் அளவுதிருத்தம் செய்து, 32 பாகைத் தோலில் ஒட்டுறம். பாகைக்கு 0.3 சதவீதம் ஏறுகிற டயோட் என்றால் 3 சதவீதம் அதிலேயே போச்சு. கதிர் பட்டுப் பட்டு உணர்திறனும் இறங்கும். டிஎல்டி சில்லு 3.2 மிமீ சதுரம், 0.9 மிமீ தடிப்பு. வயர் இல்லை. முகமூடிக்குக் கீழே கண்ணோரம் வைக்கலாம்.

கல்லடிப்பாலம்:
வெப்பத்துக்குத் திருத்தக் காரணி இருக்கு. தோலில் ஒட்டி இரண்டு மூன்று நிமிடம் விட்டுத்தான் கதிரைப் போடவேணும், பொறுமை இல்லாமல் போட்டால்தான் வில்லங்கம். டிஎல்டியை மறுபடி பாவிக்க 400 பாகையில் ஒரு மணி, 100 பாகையில் இரண்டு மணி சூடாக்கவேணும். நடுவில கரண்ட் போனால் குளிர்கிற வேகம் மாறும், சில்லுகளின் உணர்திறனும் மாறும். பிறகு அந்தத் தொகுதி முழுவதற்கும் தனித்தனிக் காரணி திரும்ப எடுக்கவேணும்.

ஏறாவூர்வாசி:
இரண்டு பேரும் அடிவேரை விட்டுட்டீங்க. இரண்டு கருவியையும் ஃபார்மர் சேம்பரோடு (காற்று நிரம்பிய அடிப்படை டோஸ் அளவி; வெப்பத்துக்கு ஏற்ப அதன் வாசிப்பைத் திருத்தவேணும்) ஒப்பிட்டுத்தானே அளவுதிருத்துறது? மேல் தாங்கித் தண்ணீரை அப்படியே ஃபான்டத்தில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டி) நிரப்பினால் அது 29 பாகை; சுவர் வெப்பமானி 22 காட்டும். சுவரை நம்பிக் கணக்குப் போட்டால் டோஸ் 2.3 சதவீதம் குறைவாகத் தெரியும். அதை வைத்து இயந்திரத்தைக் கூட்டினால் எல்லா நோயாளிக்கும் கூடிப்போகும், டயோடும் டிஎல்டியும் அதையே சரியென்று சொல்லும். தண்ணீரை முதல் நாளே நிரப்பி வையுங்கோ, வெப்பமானியைத் தண்ணீருக்குள்ளேயே விடுங்கோ. சர்வதேச அணுசக்தி முகமை 1969 முதல் டிஎல்டியைத் தபாலில் அனுப்பிச் சோதிப்பது இப்படியான பிழையைப் பிடிக்கத்தான். 2017இல் அதைக் கண்ணாடி டோசிமீற்றருக்கு மாற்றினார்கள்.

மருதமுனையான்:
தண்ணீர்க் கதை நூற்றுக்கு நூறு சரி. சிகிச்சையின் முதல் நாளுக்கு டயோட் என்றால் ஒத்துக்கொள்றன். ஆனால் தினமும் ஒட்டக் கூடாது: அதன் உலோக மூடிக்கு நேர் கீழே உடலுக்குள்ளே டோஸ் 5 சதவீதம் அளவுக்குக் குறையும், தோலுக்குக் கூடும். கண்ணோரத்துக்கு அப்பவும் டிஎல்டிதான்.