புதுப்பிப்பு: நிக்கான் லென்ஸ், சோனி கேமரா, மங்கும் தொலைவுக் காட்சி (காரணம் தெரிந்துவிட்டது)

அப்பாவின் பழைய நிக்கான் 50 மி.மீ. லென்ஸை அடாப்டர் மூலம் சோனி மிரர்லெஸ் கேமராவில் பொருத்தினால், அருகில் இருப்பது தெளிவாகவும் தொலைவில் இருப்பது மங்கலாகவும் விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

லென்ஸில் பூஞ்சை இல்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். அடாப்டரின் தடிமனை அளக்கச் சொன்ன அண்ணன்தான் நோயைக் கண்டுபிடித்தார். லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் நிக்கானில் 46.5 மி.மீ., சோனியில் 18. இடைவெளியை நிரப்பும் அடாப்டரின் தடிமன் 28.5 இருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் காட்டியதோ 28.7! அந்த 0.2 மி.மீ. போதும், 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 12.5 மீட்டருக்கு அப்பால் குவியவே குவியாது. தடிமன் சற்றுக் குறைந்தால் பாதகமில்லை, கூடினால்தான் தொல்லை.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் வேறோர் அடாப்டரைக் கடையிலேயே அளந்து வாங்கினேன். வெல்ட் கீ கரையிலிருந்து எடுத்த படத்தில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் துறைமுகப் பாரந்தூக்கிகள் கம்பி கம்பியாகத் தெரிகின்றன. அப்பாவிடம் காட்டினேன், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்பாராத ஒன்று: மாலை வெளிச்சத்தில் படங்கள் அசைந்திருந்தன. இந்த லென்ஸ் கேமராவுக்கு எந்தத் தகவலும் அனுப்பாது. ஆகவே அதிர்வுத் தடுப்பு அமைப்பில் குவியத் தூரம் 50 என்று நாமே பதிய வேண்டும். பதிந்ததும் சரியாகிவிட்டது.