பொருள்: விமான மாதிரிக் கையேடு – ‘பிளாஸ்டிக் சிமென்ட்’டுக்குக் கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

ஒட்டுதல் அத்தியாயத்துக்கான சொற்பட்டியல்: பிளாஸ்டிக் சிமென்ட் – நெகிழிப் பசை. சயனோஅக்ரிலேட் – உடனடிப் பசை. அது காயும்போது சுற்றிலும் படியும் வெள்ளை – வெண்படலம். சீக்கிரம் இறுக வைக்கும் தெளிப்பு – முடுக்கி. ஒட்டியதை இளக்கும் திரவம் – பசைநீக்கி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.
– க.

--------

> பிளாஸ்டிக் சிமென்ட் – நெகிழிப் பசை

இது மட்டும் வேண்டாம் ஐயா. பசை என்பது இரண்டு பரப்புகளுக்கு நடுவே தங்கிப் பிடித்துக்கொள்வது. இதுவோ மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேற்பரப்பையே கரைக்கிறது. இரு பக்கமும் இளகி ஒன்றோடொன்று கலந்ததும், பியூட்டனோன் போன்ற கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பிளாஸ்டிக்தான். அதனால்தான் பெயின்ட் அடித்த பரப்பிலும் குரோம் பூசிய பாகத்திலும் இது பிடிப்பதில்லை. அங்கே முதலில் பூச்சைச் சுரண்ட வேண்டும். ரெசின் பாகத்துக்கும் உலோகத் தகட்டுக்கும் சயனோஅக்ரிலேட்டோ, இரண்டு பாகங்களைக் கலந்து இறுக வைக்கும் எப்பாக்ஸிப் பசையோதான் வழி.

பசை என்று பெயர் வைத்தால், வழிந்ததை வாசகர் துணியால் துடைப்பார். இளகிய பிளாஸ்டிக்கில் துணி பட்டால் மாதிரியின் மேலுள்ள ரிவெட் வரிசையும், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகளும் அதோடு இழுபட்டுப் போகும். சிந்தியதைத் தொடாமல் ஆற விடுவதே முறை. மெல்லிய திரவம் தானே ஆவியாகும், தடம் தெரிந்தால் பிறகு தேய்த்துக்கொள்ளலாம். மூட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடிப்பதும் ஆபத்து. திரவம் நுண்புழை ஈர்ப்பால் விரலுக்கடியில் ஓடி, கைரேகையை உடற்பகுதியில் பதித்துவிடும். மறைப்பு நாடாவின் அடியிலும் அப்படியே ஓடும். நாடாவை மூட்டின் மேல் ஒட்டாமல், இடைவெளி விட்டுப் பாலம்போல் கட்ட வேண்டும்.

‘கரைத்து ஒட்டி’யைச் சேர்த்தால் ‘கரைத்தொட்டி’. எதையோ கரைக்கும் தொட்டி ஆகிவிடுகிறது. ‘கரையொட்டி’ என்றால் ஆற்றங்கரை. என் பரிந்துரை: பொருளுக்குக் கரைப்பிணைப்பி, செயலுக்குக் கரைப்பிணைப்பு.

> வெண்படலம்

தவறில்லை. ஆனால் ‘நீறு பூத்த நெருப்பு’ என்று நம்மிடமே ஒன்று இருக்கிறதே. நீறுபூத்தல் என்றே வைத்துக்கொண்டால் என்ன? இறுகாத சயனோஅக்ரிலேட்டின் ஆவி, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து அக்கம்பக்கத்தில் வெண்துகளாகப் படிகிறது. தடயவியலில் கைரேகை எடுக்கப் பயன்படுவதும் இதே வினைதான். விமானி அறையின் கண்ணாடி மூடியில் விரல் பட்ட இடம் அப்படியே வெளுத்துத் தெரிவது அதனால்தான். மூடிக்கு நீரில் கரையும் வெள்ளைப் பசையே சரி. வழிந்ததை ஈரத் தூரிகையால் எடுத்துவிடலாம்.

> முடுக்கி

இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல். வினையூக்கி வழியில் உறைவூக்கி எனலாம். அதிகம் தெளித்தால் மூட்டு சூடாகிக் குமிழ்விடும், நொறுங்கும் தன்மையும் வரும் என்பதைக் கட்டாயம் சேருங்கள்.
– செ.

--------

கரைப்பிணைப்பி சரி. நீறுபூத்தலில் ஒரு தயக்கம்: நீறு ஊதினால் போய்விடும், இது போகாது. மெருகுக் குழம்பு போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும்.

பசைநீக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? மரப்பசை, எப்பாக்ஸி எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா?
– க.

--------

பூத்தல் என்ற வினையே போதும். சுவரில் உப்புப் பூத்தாலும் சுரண்டத்தானே வேண்டியிருக்கிறது?

பசைநீக்கியைப் பொதுச்சொல்லாக வைக்கவே கூடாது. எப்பாக்ஸியை இறுகுமுன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். ரப்பர் பதத்தில் பிளேடால் சீவலாம். முழுக்க இறுகிவிட்டால் உப்புத்தாள்தான். சயனோஅக்ரிலேட்டில் பஞ்சே ஆகாது: பருத்தியோடு சேர்ந்தால் புகையும் அளவுக்குச் சூடாகும். அதை இளக்குவது அசிட்டோன். அதுவோ பாலிஸ்டைரீனையும் கரைக்கும். ‘நீக்கி’ என்று நம்பி ஊற்றினால் இறக்கையே நீங்கும். சயனோஅக்ரிலேட்டால் பிளாஸ்டிக்கில் தவறாக ஒட்டிய பாகத்தைச் சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால், மூட்டு விறைத்துப் பக்கவாட்டுத் தட்டலில் விடுபட வாய்ப்புண்டு. ஆகவே சயனோ இளக்கி என்று குறிப்பாகவே சொல்வோம்.

சயனோஅக்ரிலேட்டை இடைவெளி நிரப்பப் பயன்படுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நாள்பட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, பிளாஸ்டிக் தேயும், பசை மேடாக நிற்கும்.

கரைப்பிணைப்புக்கு நேர்மாறு, அவசரமே கூடாது. கெட்டியான வகையைப் பூசி அழுத்தினால் மூட்டில் மயிரிழை அளவு பிதுக்கம் எழ வேண்டும். அதை 24 மணி நேரமாவது விட்டு, பிளேடின் முதுகால் சுரண்டி, 400, 600, 1000 எண் உப்புத்தாளால் ஈரத்தில் தேய்க்க வேண்டும். முந்தினால் உள்ளே மிஞ்சிய கரைப்பான் பிறகு வெளியேறும்போது மூட்டு குழிந்து, பெயின்டின் மேலேயே கோடு தெரியும்.

அந்தப் பிதுக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும். மூட்டுவரம்பு எப்படி?
– செ.

--------

வயல்வரம்பு மாதிரி இருக்கிறது, பிடித்திருக்கிறது. மெல்லிய வகையில் வரம்பு அவ்வளவாக எழாது என்பதால் விளக்கத்தில் ‘கெட்டி வகைக்கு’ என்று சேர்த்துவிடுகிறேன். நீறுபூத்தலுக்கு மற்றவர்கள் கருத்து வரட்டும்.
– க.