‘கரடி’யைச் சிரிக்காமல் படிப்பிக்கலாமா?

கல்லடிப் பாலம்:
மகள் தரம் 10. ஓஎல் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1888இல் எழுதிய ‘கரடி’ ஓரங்க நாடகம் பாடத்தில் இருக்கிறது. புருசன் செத்து ஏழு மாதமாக வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள் பொபோவா. செத்தவன் வைத்துப்போன 1,200 ரூபிள் ஓட்ஸ் கடனைக் கேட்டு ஸ்மிர்னோவ் வருகிறான். சண்டை துவக்கு (துப்பாக்கி) வரைக்கும் போய்க் காதலில் முடிகிறது. மகளின் கொப்பியில் நாலு பக்கம் ‘பாத்திரப் பண்புகள்’. “சிரிப்பு வந்ததா?” என்று கேட்டேன். “எங்கே சிரிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லவில்லை” என்றாள். பகிடி நாடகத்தை வகுப்பில் நடிக்க விட்டால் என்ன?

பழைய வாத்தி:
விடலாம் தம்பி. மேசை கதிரை ஒதுக்கவே பத்து நிமிடம் போய்விடும். பரீட்சையில் ஒரு வரியைத் தந்து, யார் யாரிடம் சொன்னது என்று கேட்பார்கள். நடித்த பிள்ளைக்குத் தன்னுடைய வரி மட்டும்தான் பாடம். நான் காலமெல்லாம் நோட்ஸ் கொடுத்தவன், அதில் வெட்கம் இல்லை.

களரி:
சேர் கோபிக்க வேண்டாம். தொடக்கத்தில் பொபோவா, புருசனின் குதிரை டோபிக்குக் கூடுதலாக ஒரு பை ஓட்ஸ் போடச் சொல்கிறாள். கடைசி வரியில், டோபிக்கு இன்றைக்கு ஓட்ஸே கொடுக்க வேண்டாம் என்கிறாள். துக்கம் முடிந்த கதை அவ்வளவுதான். வாசிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும். அந்த வரிக்கு முன் ஒரு மூச்சு நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு வெடிக்கும். மகிடிக்கூத்து என்ற பகிடிக் கூத்தைச் சுற்றி நின்று சிரித்த ஊர் இது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியருக்குச் செகசிற்பியார் என்று பெயர் வைத்து, 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக ஆய்வு நூலை எழுதினார். நாம் நாடகத்தைக் கொப்பிக்குள் பூட்டி வைக்கிறோம்.

கிழக்கு டீச்சர்:
எனக்கு நேரம் பிரச்சினை இல்லை. விதவையை வைத்துப் பகிடி என்பதுதான் உறுத்துகிறது. யுத்தத்தில் புருசனை இழந்த பெண் இல்லாத தெரு நம்மட பக்கம் இருக்கிறதா? சில வருடங்களுக்கு முன் இதைப் படிப்பித்தபோது, முதல் காட்சி முழுக்க ஒரு பிள்ளை தலையைக் குனிந்தபடி பேனை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. மறுகா யாரையும் எழுந்து நடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

களரி:
டீச்சர், அது பெரிய விசயம்தான். ஆனாலும் அவள் அழுது கிடப்பது யாருக்காக? அந்த மனிசன் வேறு பெண்களுக்குப் பின்னால் திரிந்தவன் என்று அவளே சொல்கிறாள். கடனையும் அவள் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஸ்மிர்னோவ் துவக்குச் சண்டைக்குக் கூப்பிட்டதும் பயப்படாமல் எடுத்து வருகிறாள். வந்து, சுடத் தெரியாது, எப்படி என்று காட்டு என எதிரியிடமே கேட்கிறாள். அந்த இடத்தில் எந்தத் தாய்க்கும் சிரிப்பு வரும்.

பழைய வாத்தி:
சரி, துவக்கு இடத்தை மட்டும் நடிக்கலாம். ஸ்மிர்னோவ் கோபத்தில் கதிரையை உடைக்கிற இடம் வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கதிரைக்கு ஏற்கெனவே மூன்று கால்தான்.

கிழக்கு டீச்சர்:
துவக்கையும் நான் யோசித்துத்தான் செய்வேன் சேர். பொபோவாவின் பகுதியை யார் வாசிப்பது என்று பிள்ளைகளையே கேட்கலாம், நான் பெயர் சொல்லமாட்டேன்.

கல்லடிப் பாலம்:
இப்போதுதான் கொப்பியைத் திரும்பப் புரட்டினேன். நாலு பக்கத்திலும் டோபி என்ற பெயரே இல்லை.