சாயங்காலம் வீட்டுக்குள் வந்ததும் ஒரு மந்தம்: செலவில்லாமல் என்ன பழக்கத்தை மாற்றலாம்?

பின்னலாடை அக்கவுண்ட்ஸ், திருப்பூர்

வணக்கம். சண்டை, கடன், நோய் என்று பெரிதாக எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. அதனாலேயே இதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

முதல் மாடியில் வாடகை வீடு. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீட்டுக்காரர் சாயப்பட்டறைகளுக்குக் கெமிக்கல் சப்ளை. மூன்றாம் வகுப்பு படிக்கும் பையன், மாமியார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஏழு மணிக்கு நான் படியேறி வந்தால், ஹாலில் லைட் பளீரென்று எரியும். அத்தை சீரியலில் இருப்பார். பையன் ஒரு மூலையில் டேப்லெட்டோடு, அவர் இன்னொரு மூலையில் போனோடு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படி. தூங்கப் போகும்வரை நாங்கள் பேசிக்கொண்டது என்ன என்று யோசித்தால், "சட்னியில் உப்பு போட்டியா", "கேஸ் புக் பண்ணியாச்சா", அவ்வளவுதான்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம், நன்றி டைரி, ஆப் இதெல்லாம் எனக்கு ஒத்துவராது. இருக்கிற வீட்டில், இருக்கிற ஆட்களோடு, தினமும் செய்யக்கூடிய சின்ன விஷயங்கள் உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஒண்டிக்கட்டை, வேளச்சேரி

பேசுவதற்கு நான்கு பேர் இருக்கிற வீடு என்றாலே எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். தனியாக இருப்பவனின் பழக்கம் உங்களுக்கு உதவுமா தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உள்ளே வந்ததும் முதல் வேலை, பேன்ட் சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கிக்கு மாறுவது. முகம் கழுவுவது. அதற்குப் பிறகுதான் போனை எடுப்பேன். உடை மாற்றாமல் அப்படியே சோபாவில் விழுந்த நாட்களில், ராத்திரி பதினொரு மணிக்கும் நான் மனதளவில் ஆபீஸில்தான் இருப்பேன். இது மட்டும் நிச்சயமாகத் தெரியும். மற்றபடி பெரியவர்கள் சொல்லட்டும்.

ஏணிக்காரர், மதுரை செல்லூர்

அம்மா, நான் டாக்டரும் இல்லை, சைக்காலஜி படித்தவனும் இல்லை. வயர்மேன். இப்போது உடம்பு முடியாததால் ஏணி ஏறுவதை விட்டாயிற்று. ஆனால் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டில் ஏணி மேல் நின்றவன். மேலே நிற்கிறவனை வீட்டுக்காரர்கள் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். அவர்கள் பாட்டுக்குப் பேசுவார்கள், திட்டிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. நீங்கள் எழுதியதில் மற்றவர்கள் கவனிக்காத ஒரு வரி என் கண்ணில் பட்டது. "லைட் பளீரென்று எரியும்." அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முன்பெல்லாம் வீடுகளில் குண்டு பல்பு. 60 வாட், மஞ்சள் வெளிச்சம். அதன் நிறத்தைக் கெல்வின் கணக்கில் 2700 என்போம். அப்புறம் டியூப் லைட், சி.எஃப்.எல், இப்போது எல்.இ.டி. கடையில் "ஒரு பல்பு கொடுங்க" என்று கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் 6500 கெல்வின், அட்டையில் "கூல் டே லைட்" என்று போட்டிருக்கும். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், அது பகல் வெளிச்சம். நீலம் தூக்கலாக இருக்கும். நம் கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் அசையும். ராத்திரி ஒன்பது மணிக்கு 6500 எரிந்தால் உடம்பு இன்னும் பொழுது சாயவில்லை என்று நினைத்துக்கொள்கிறது, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதும் தள்ளிப்போகிறது. உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். பேப்பரில் அதைப் படித்த அன்று, நம் தொழிலுக்கும் ஒரு மரியாதை வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

தூக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடு ஹாலில் தலைக்கு மேல் வெள்ளை வெளிச்சம் எரிந்தால் வீடு ஜவுளிக்கடை மாதிரி ஆகிவிடுகிறது. கடையில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள் இல்லையா? அவரவர் ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் காட்டு என்று கேட்காதீர்கள், இது ஏணி மேலிருந்து பார்த்த ஆதாரம்.

இன்னொன்று. 2012-ல் சென்னையைத் தாண்டினால் பாதி நாள் கரண்ட் இருக்காதே, நினைவிருக்கிறதா? உங்கள் ஊரில் மிஷின்கள் நின்று, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றியே பலர் நொடித்துப்போனார்கள். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று எந்த வயர்மேனும் சொல்ல மாட்டான். ஆனால் அப்போது ராத்திரி செல்லூருக்குள் நடந்தால் வாசல்படிக்கு வாசல்படி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். விசிறியும் கையுமாக அக்கம்பக்கத்துக் கதை ஓடும். முறைப்புக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் "ஓ" என்று ஒரு சத்தம், தெரு காலி.

அதனால் எங்கள் வீட்டில் நாங்களே ஒரு கரண்ட் கட் வைத்துக்கொண்டோம். ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பது வரை. பெரிய லைட் கிடையாது, டிவி கிடையாது, போனெல்லாம் ஃப்ரிட்ஜ் மேலே. ஓரத்தில் ஒரு மஞ்சள் பல்பு மட்டும் எரியும். மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லவில்லை, ஃபேன் ஓட வேண்டும், இது மதுரை! ஆரம்பத்தில் எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மருமகள் வாய்விட்டே சொன்னாள், "மாமா, இது தண்டனை மாதிரி இருக்கு" என்று. பிறகு என் சம்சாரம் வறுத்த கடலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். உரிப்பதற்குக் கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் பேச்சு தானாக வந்துவிட்டது. இப்போது தாயக்கட்டை உருள்கிறது. பேரன் கள்ளாட்டம் ஆடுகிறான். அவன் அப்பனும்தான்.

உங்கள் அத்தையின் சீரியலோடு மோத வேண்டாம். அவருக்குப் பிடித்த சீரியல் எத்தனை மணிக்கு முடிகிறதோ அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சீரியலை அணைத்தவர் என்ற பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்தப் பல்பும் காப்பாற்றாது.

அடுத்தது, வீட்டில் தினமும் எரிச்சல் தரும் சின்ன ரிப்பேர்கள். சொட்டும் குழாய்க்கு ஒரு வாஷர். மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குப் பெரும்பாலும் கண்டன்சர்தான் போயிருக்கும், 2.5 மைக்ரோஃபாரட். அதை மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். மழைக்கு உப்பி இடிக்கும் பாத்ரூம் கதவு, இரண்டு தட்டு தட்டினால்தான் எரியும் ஸ்விட்ச். ஒவ்வொன்றும் அற்பம்தான். ஆனால் அதைத் தொடும்போதெல்லாம் "இந்த வீட்டில் எதுவும் சரியில்லை" என்று வாய் முணுமுணுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துச் சரிசெய்யுங்கள், பையனை ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சொல்லுங்கள். கரண்ட் வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

காலையில் எழுந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் மூடியதைப் பலர் மறுநாளும் திறப்பதே இல்லை. வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற வலை வாங்கினால் அந்தப் பயமும் இல்லை.

சுங்கான்கடை டீச்சர், நாகர்கோவில் பக்கம்

அண்ணாச்சி சொன்னது எல்லாம் அருமை, கரண்ட் கட்டை நானும் வைக்கப் போகிறேன். ஆனால் திருப்பூர்த் தங்கச்சி எழுதியதில் எனக்கு வேறொரு வரி உறுத்துகிறது. "செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படி." வீட்டில் இரண்டு பெரியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஏழு மணிக்கு வருகிறவள் ஏன் நேரே அடுப்படிக்குப் போக வேண்டும்? மஞ்சள் பல்பு போட்டாலும் அதன் கீழே தோசை சுடுவது இவள்தான் என்றால், சந்தோஷம் மற்ற மூன்று பேருக்குத்தான்.

எங்கள் வீட்டில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கால் மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. "அம்மா, என் சாக்ஸ் எங்கே" உட்பட. ஒரு கட்டன் சாயா, பின்பக்கத்துப் படிக்கட்டு, நான். இது என் மாமியார் காலத்திலேயே சண்டை போட்டு வாங்கிய உரிமை.

ராத்திரிச் சாப்பாட்டை எங்கள் வீட்டுக்காரர் பார்க்கிறார். எல்லா நாளும் இல்லை, செவ்வாயும் வெள்ளியும். முதலில் "எனக்குச் சமைக்கத் தெரியாதே" என்றார். மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது, தோசைக்கல் இருக்கிறது, இதில் தெரிய என்ன இருக்கிறது? முதல் தோசை எப்போதும் பிய்யும், எனக்கும் பிய்யும். இப்போது அவர் செய்யும் தேங்காய்த் துவையலை என் தங்கை போன் செய்து கேட்டு எழுதிக்கொள்கிறாள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பிடும்போது மூன்று பேச்சு கிடையாது: மார்க், பணம், சொந்தக்காரர்கள். மூன்றாவது ரொம்பக் கஷ்டம், அவ்வப்போது மீறுவோம்.

பின்னலாடை அக்கவுண்ட்ஸ், திருப்பூர்

டீச்சர் அக்கா, நீங்கள் எழுதியதை இவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "புதன்கிழமை நான் பார்க்கிறேன்" என்றார். ஏன் புதன் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஹோட்டலில் பார்சல் வாங்கிவிடுவாரோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, பார்ப்போம்.

ஏணிக்காரர் ஐயாவுக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, ஓனர் சுவரில் ஆணி அடிக்கவே விட மாட்டார். மஞ்சள் பல்பை எங்கே மாட்டுவது? இரண்டு, பெரிய லைட்டை அணைக்கலாம் என்று சொன்னதும் அத்தை முகம் மாறிவிட்டது. விளக்கு வைத்த பிறகு வீட்டை இருட்டாக்கினால் லட்சுமி தங்க மாட்டாள் என்கிறார். அவருக்குக் கண் பார்வையும் கொஞ்சம் மங்கல்.

ஏணிக்காரர், மதுரை செல்லூர்

டீச்சரம்மா சொன்னதை என் சம்சாரமும் படித்துவிட்டாள். தோசைக்கல்லை என் பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறாள். நல்லது.

அம்மா, உங்கள் அத்தை சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். விளக்கு வைக்கும் நேரம் ஆறு, ஆறரை. அப்போது எல்லா லைட்டும் எரியட்டும். நீங்கள் அணைக்கப் போவது எட்டரைக்கு மேல்தானே. பூஜை அலமாரியில் அவர் ஏற்றுகிற விளக்கும் மஞ்சள் வெளிச்சம்தான், அதை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் அந்த விளக்கும் எரிந்தால் அவரே சமாதானம் ஆகிவிடுவார்.

கண் விஷயம்தான் முக்கியம். வயதானால் கண்மணி சுருங்கும், லென்ஸும் மங்கும். நமக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்குப் போதாது. அதனால் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் பல்பு வரட்டும். அங்கிருந்து பாத்ரூம் போகிற வழியில் அரை வாட் நைட் லேம்ப் ஒன்று, ராத்திரி முழுக்க எரியட்டும். இருட்டில் தடுக்கி இடுப்பு எலும்பு உடைந்தால் தாயமாவது, கடலையாவது.

ஆணியே வேண்டாம். பிளக்கோடு சேர்ந்த ஹோல்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், நேரே சுவர் பாயின்ட்டில் குத்தலாம். அதில் 9 வாட் எல்.இ.டி, "வார்ம் ஒயிட்" என்று கேளுங்கள், அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து இருநூறு ரூபாயைத் தாண்டாது. தினமும் நான்கு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்தான் ஆகும். வெளிச்சம் நேராகக் கண்ணில் படாமல் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி வையுங்கள். திரைச்சீலை அதன் மேல் விழக் கூடாது. ஹோல்டர் பின் டைப்பா, திருகு டைப்பா என்று பார்த்துவிட்டுப் பல்பு கேளுங்கள், மாற்றி வாங்கிவிட்டுக் கடைக்கும் வீட்டுக்கும் அலைபவர்கள் அதிகம். பின் டைப் என்றால் பி22, திருகு என்றால் இ27.